குப்பியில் "மனித" என்று எழுதியிருந்தால் அது யாருடைய உடம்பு?



கொஞ்சம் நீளமான பதிவு. ஆறுதலாக வாசியுங்கள். பகிர்வதென்றால் முழுவதும் வாசித்துவிட்டுப் பகிருங்கள்.

இரண்டு கிழமையாக ஊர் வட்ஸ்அப் குழுமங்களில் ஒரு படம் சுற்றுகிறது. விரல் நுனி அளவான ஒரு கண்ணாடிக் குப்பி. அதன் லேபிளில் ஆங்கிலத்தில் "மீளச்சேர்த்த மனித ஏஸ்-2 புரதம்" என்று இருக்கிறது. "மனித" என்ற சொல்லைச் சுற்றி யாரோ சிவப்பு வட்டம் போட்டிருக்கிறார். கீழே தமிழில், "மனிதனை அரைத்து மருந்து செய்கிறார்கள், முஸ்லிம்களே விழித்துக்கொள்ளுங்கள்" என்று ஒரு வரி.

அதே நாட்களில் எங்களிடம் உயர்தரம் படிக்கும் ஒரு பிள்ளையின் உம்மம்மா இன்சுலின் போடுவதை நிறுத்திவிட்டார். அவருடைய இன்சுலின் பெட்டியிலும் அதே சொல் இருந்ததுதான் காரணம். "மௌத்தான ஒருத்தர்ர உடம்புல இருந்து எடுத்தத ஏத்திக்கொண்டு நான் எப்படிப் புள்ள தொழுவன்?" என்று கேட்டாராம். நான்காம் நாள் சீனி ஏறி, மயக்கமாகி, வைத்தியசாலையில் அனுமதிக்க வேண்டி வந்தது. அல்ஹம்துலில்லாஹ், சுகமாகி வீட்டுக்கு வந்துவிட்டார். ஊசியும் பழையபடி போடுகிறார்.

அந்தத் தாயின் கேள்வியில் ஒரு பிழையும் இல்லை. தன் உடம்புக்குள் என்ன போகிறது என்று கேட்பது ஒரு முஸ்லிமின் உரிமை மட்டுமல்ல, கடமையும்கூட. அந்தக் கேள்விக்கு ஊரில் எவரும் பதில் சொல்ல முன்னர் சிவப்பு வட்டம் பதில் சொல்லிவிட்டது. அதுதான் எங்களுக்குக் கவலை. உயிரியல் படிப்பிக்கிறவர்கள் என்ற வகையில், எங்கள் பங்குக்கு அந்தப் பதிலை இங்கே எழுதுகிறோம்.

முதலில் இன்சுலின்

இன்சுலின் என்பது ஓமோன். 51 அமினோ அமிலங்கள் கோத்த ஒரு சிறிய புரதம். 1920களில் இருந்து பல தசாப்தங்களாக அதை மாட்டினதும் பன்றியினதும் சதையியிலிருந்துதான் பிரித்தெடுத்தார்கள். பன்றியின் இன்சுலின் மனித இன்சுலினிலிருந்து ஒரேயொரு அமினோ அமிலத்தால் மட்டுமே வேறுபடும். மாட்டினது மூன்றால் வேறுபடும். அந்தக் காலத்தில் சீனி வருத்தம் இருந்த எத்தனையோ முஸ்லிம்கள் வேறு வழியில்லாமல், நிர்ப்பந்தம் என்ற அடிப்படையில், மனச்சங்கடத்தோடு அதைப் பாவித்தார்கள்.

1978இல் அமெரிக்காவில் மனித இன்சுலினுக்குரிய பரம்பரையலகை ஆய்வுகூடத்தில் இரசாயன முறையில் கட்டி, அதை ஈ.கோலை என்ற பற்றீரியாவுக்குள் வைத்தார்கள். பற்றீரியா அந்தக் குறிப்பை வாசித்து மனித இன்சுலினைச் செய்தது. 1982இல் அது மருந்தாக அனுமதி பெற்றது. இப்போது கிளினிக்கில் தரும் மனித இன்சுலின் இவ்வாறு பற்றீரியாவிலோ மதுவத்திலோ வளர்த்து எடுப்பதுதான். மதுவம் என்றால் நாங்கள் பாண் சுடப் போடுகிற அதே ஈஸ்ட் இனம்.

ஆக, "மனித" என்ற சொல்லைக் கண்டு பயந்து அந்தத் தாய் ஒதுக்கி வைத்த ஊசி, எங்களைப் பன்றியின் சதையியிலிருந்து விடுவித்த ஊசி. எந்த மையித்திலிருந்தும் எடுத்ததல்ல.

"மனித" என்ற சொல்லுக்கு இங்கே என்ன அர்த்தம்?

வகுப்பில் இதைப் படிப்பிக்கும்போது நாங்கள் வட்டலாப்பத்தைத்தான் உதாரணம் சொல்வோம்.

ஒரு வீட்டில் மூத்தம்மா செய்யும் வட்டலாப்பத்துக்கு ஊரில் பெயர் இருக்கிறது. அவர் அளவுகளை ஒரு தாளில் எழுதி வைத்துவிட்டு மௌத்தாகிவிடுகிறார். இருபது வருடத்துக்குப் பிறகு பேத்தி அந்தத் தாளைப் பார்த்து, வேறு ஊரில், வேறு அடுப்பில் செய்கிறாள். சாப்பிடுகிறவர்கள் "இது மூத்தம்மாட வட்டலாப்பம்" என்கிறார்கள். சொன்னது சரிதான். ஆனால் மூத்தம்மாவின் கை அதில் படவில்லை. சட்டியில் இருக்கும் தேங்காய்ப்பாலும் முட்டையும் கருப்பட்டியும் பேத்தி வாங்கியவை.

பரம்பரையலகு என்பது அந்தத் தாள். புரதம் என்பது வட்டலாப்பம். "மனித" என்ற சொல் செய்முறை யாருடையது என்று சொல்கிறது. "மீளச்சேர்த்த" என்ற சொல் அது வேறொரு அடுப்பில் செய்யப்பட்டது என்று சொல்கிறது. சிவப்பு வட்டம் போட்டவர் முதல் சொல்லை மட்டும் வட்டமிட்டு, பக்கத்தில் இருந்த மற்றச் சொல்லை விட்டுவிட்டார்.

அந்தத் தாளுக்காகக்கூட இன்று எவருடைய உடம்பையும் தொடத் தேவையில்லை. மனிதனின் டீஎன்ஏ வரிசை பொதுத் தரவுத்தளங்களில் இருக்கிறது. ஏஸ்-2 புரதத்தில் 805 அமினோ அமிலங்கள். ஒவ்வொன்றுக்கும் மூன்று எழுத்து வீதம் 2415 எழுத்துக்கள். அந்த வரிசையைக் கணினியில் கொடுத்தால் இயந்திரமே டீஎன்ஏயைக் கட்டித் தரும்.

குப்பியில் இருக்கும் ஏஸ்-2 என்ன செய்கிறது?

இன்சுலின் ஓமோன் என்றால் ஏஸ்-2 ஒரு நொதியம். நொதியம் என்றால் உடம்பில் ஒரு குறிப்பிட்ட வேலையைச் செய்யும் புரதம். வெட்டுவது, ஒட்டுவது, மாற்றுவது. ஏஸ்-2 வெட்டுகிற சாதி. அதன் நடுவில் ஒரு நாக அயன் இருக்கிறது. அது இல்லாமல் வெட்டு விழாது.

ஊரில் பாதிப் பேர் பிரஷர் குளிசை போடுகிறவர்கள் என்பதால் இதைச் சொன்னால் விளங்கும். எங்கள் இரத்தத்தில் அஞ்சியோதென்சின் என்று ஒரு சின்னச் சங்கிலி ஓடுகிறது. முதலில் அதற்குப் பத்து அமினோ அமிலங்கள். ஏஸ் என்ற நொதியம் அதில் இரண்டை வெட்டி எட்டாக்குகிறது. அந்த எட்டு உள்ள சங்கிலி இரத்தக் குழாய்களை இறுக்கும். பிரஷர் ஏறும். எனலாப்பிரில், கப்டோப்பிரில் போன்ற குளிசைகள் இந்த வெட்டைத்தான் தடுக்கின்றன.

ஏஸ்-2 அதன் உறவுக்கார நொதியம். வேலையோ நேர் எதிர். எட்டு உள்ள சங்கிலியிலிருந்து இன்னும் ஒன்றை வெட்டி ஏழாக்கிவிடும். ஏழு உள்ளது குழாய்களைத் தளர்த்தும். ஒன்று இறுக்க, மற்றது தளர்த்த, இரண்டுக்கும் நடுவில் உடம்பை ஒரு சமநிலையில் வைத்திருக்கிறான் றப்பு. இந்த இரண்டாவது நொதியத்தை விஞ்ஞானிகள் கண்டுபிடித்ததே 2000ஆம் ஆண்டில்தான். இரண்டு ஆய்வுக் குழுக்கள் ஒரே ஆண்டில் தனித்தனியாகக் கண்டுபிடித்தன.

மூன்று வருடத்துக்குப் பிறகு, 2003இல், இன்னொரு விடயம் தெரிய வந்தது. அந்த வருடம் ஆசியாவில் பரவிய சார்ஸ் வைரஸ் எங்கள் கலங்களுக்குள் நுழைவதற்குப் பிடித்துக்கொள்ளும் கைப்பிடி இந்த ஏஸ்-2தான். 2020இன் தொடக்கத்தில் கொரோனா வைரசும் அதே கைப்பிடியைத்தான் பிடிக்கிறது என்று உறுதியானது. ஏஸ்-2 எங்கள் கலங்களின் வெளிச்சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஒரு நொதியம். வைரசின் முள்ளு அதில் பொருந்திவிட்டால் வாசல் திறந்துவிடும்.

அப்போதும் ஒரு வதந்தி வந்தது, ஞாபகம் இருக்கலாம். சில பிரஷர் குளிசைகள் ஏஸ்-2வைக் கூட்டும், ஆகவே கொரோனா கூடப் பிடிக்கும், குளிசையை நிறுத்துங்கள் என்று. அது விஞ்ஞானிகள் சிலர் எழுப்பிய ஓர் ஊகம். ஊகம் எழுப்புவது பிழையில்லை. ஆனால் அதை நம்பிக் குளிசையை நிறுத்தினால் பாரிசவாதமும் மாரடைப்பும் காத்திருக்காது. ஐரோப்பிய இதயநோய் மருத்துவர்களின் சங்கம் 2020 மார்ச்சிலேயே நிறுத்த வேண்டாம் என்று அறிவித்தது. பிறகு பிரேசிலில் 659 நோயாளிகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியினருக்கு அந்தக் குளிசைகளை நிறுத்தி, மறுபகுதியினருக்குத் தொடர்ந்து கொடுத்துப் பார்த்தார்கள். நிறுத்தியதால் ஒரு நன்மையும் கிடைக்கவில்லை. ஊகம் இப்படித்தான் பரிசோதனைக்குப் போய்ப் பதிலோடு திரும்ப வேண்டும்.

ஏன் எலியின் ஏஸ்-2 போதாது?

ஒரு மாணவன் இதைக் கேட்டான். நல்ல கேள்வி. எலிக்கும் ஏஸ்-2 இருக்கிறது. ஆனால் அதன் வடிவம் சில இடங்களில் வேறு. வூஹானில் முதலில் பரவிய வைரசின் முள்ளு எலியின் ஏஸ்-2வில் சரியாகப் பொருந்தாது. எலியின் பூட்டைக் கொண்டு மனிதனின் வாசலைப் பற்றிப் படிக்க முடியாது. அதற்காகத்தான் மனிதச் செய்முறைப்படி செய்த புரதம் தேவைப்படுகிறது.

அதை இன்சுலினைப் போலப் பற்றீரியாவில் செய்வதும் கஷ்டம். ஏஸ்-2 பெரிய புரதம். அதன் மேலே சீனிச் சங்கிலிகள் கிளைகிளையாக ஒட்டியிருக்க வேண்டும். மனிதக் கலம் ஒட்டுகிற மாதிரி ஒட்டுவதற்கு ஈ.கோலை பற்றீரியாவுக்குத் தெரியாது. ஆகவே பாலூட்டிகளின் கலங்களில் செய்கிறார்கள்.

குறிப்பை அந்தக் கலங்களுக்குள் செலுத்தி, ஊட்டத் திரவத்தில் வளர விடுவார்கள். கலச்சுவரில் ஒட்டும் வால் பகுதியை முன்கூட்டியே குறிப்பிலிருந்து நீக்கிவிடுவதால் புரதம் வெளியே திரவத்தில் வந்து சேரும். பிடித்தெடுக்க வசதியாக அதன் நுனியில் ஆறு ஹிஸ்டிடீன் அமினோ அமிலங்களைச் சேர்த்திருப்பார்கள். நிக்கல் உள்ள குழாய் ஒன்றினூடாகத் திரவத்தை விட்டால், அந்த வாலுள்ள புரதம் மட்டும் நிக்கலில் பிடித்துக்கொள்ளும். மற்றவை ஓடிவிடும். பிறகு கழற்றி, உறைய வைத்து உலர்த்தி, குப்பியில் அடைப்பார்கள். குப்பிக்குள் இருப்பது பெரும்பாலும் மைக்ரோகிராம் கணக்கில்தான். ஒரு சீனிப் பருக்கையை விட எடை குறைவு.

இங்கே மறைக்கக் கூடாத ஒரு விடயம்

இதைச் சொல்லாமல் விட்டால் நாங்களும் சிவப்பு வட்டம் போட்டவரைப் போல ஒரு சொல்லைக் காட்டி மற்றதை மறைத்தவர்களாவோம்.

புரதம் செய்யப் பாவிக்கும் பாலூட்டிக் கலங்களில் இரண்டு வகை மிகப் பிரபலம். ஒன்று ஹம்ஸ்டர் என்ற எலியினத்தின் சூலகக் கலங்கள். 1957இல் இருந்து ஆய்வுகூடங்களில் வளர்ந்து வருபவை. மற்றது "ஹெக் 293" என்று சொல்லப்படும் கலங்கள். இவை 1970களின் தொடக்கத்தில் நெதர்லாந்தின் லெய்டன் நகரில், கருக்கலைப்புச் செய்யப்பட்ட ஒரு கருவின் சிறுநீரகத்திலிருந்து எடுத்து வளர்க்கப்பட்ட கலங்களின் வழித்தோன்றல்கள். 293 என்பது அந்த விஞ்ஞானியின் பரிசோதனைக் குறிப்பேட்டில் இருந்த இலக்கம்.

அன்றிலிருந்து இன்றுவரை அதே கலங்கள்தான் பிரிந்து பிரிந்து பெருகி வருகின்றன. ஒவ்வொரு குப்பிக்கும் புதிதாக ஒரு கரு தேவைப்படுவதில்லை. குப்பிக்குள் வருவதும் அந்தக் கலங்கள் அல்ல. கலங்கள் செய்து வெளியே விட்ட புரதத்தைச் சுத்திகரித்துத்தான் அடைக்கிறார்கள். ஆனாலும் தொடக்கம் எது என்பது உண்மை, அந்த உண்மை ஒரு முஃமினின் மனதில் கேள்வி எழுப்பும். கத்தோலிக்கச் சபையிலும் இதே கேள்வி பல வருடங்களாக விவாதிக்கப்பட்டு வருகிறது. நாங்கள் மட்டும் கேட்கும் கேள்வியல்ல.

இதற்கு மார்க்கத் தீர்ப்புச் சொல்வது எங்கள் வேலையல்ல. அது உலமாக்களின் பொறுப்பு. எங்கள் வேலை அவர்களுக்கு முன்னால் முழு விபரத்தையும் வைப்பது. ஒரு புரதம் எந்தக் கலத்தில் செய்யப்பட்டது, அந்தக் கலம் எங்கிருந்து வந்தது, இறுதிப் பொருளில் என்ன இருக்கிறது, அது உடம்புக்குள் போகிறதா அல்லது ஆய்வுகூட மேசையிலேயே நின்றுவிடுகிறதா. இந்த நாலும் தெரிந்த பிறகு வரும் பத்வாவுக்குக் கட்டுப்படலாம். ஒன்றும் தெரியாமல் வரும் வட்ஸ்அப் குரல் பதிவுக்கு எப்படிக் கட்டுப்படுவது?

அந்த நாலாவது கேள்விக்கு, படத்தில் உள்ள குப்பியைப் பொறுத்தவரை, பதில் லேபிளிலேயே இருக்கிறது. சிவப்பு வட்டத்துக்குக் கீழே சின்ன எழுத்தில், "ஆராய்ச்சிக்கு மட்டும், மனிதப் பாவனைக்கு அல்ல" என்று அச்சிட்டிருக்கிறார்கள். இதை யாருக்கும் ஊசியாகப் போடுவதில்லை. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் வாசிக்கலாம்.

மருந்துத் தரத்தில் வேறாகத் தயாரித்த ஏஸ்-2வை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்ததும் உண்டு. வைரஸ் எங்கள் கலத்தைப் பிடிப்பதற்குப் பதிலாக மிதக்கும் ஏஸ்-2வைப் பிடித்து ஏமாறட்டும் என்பது யோசனை. 2020இல் ஆய்வுகூடத்தில் நல்ல பலன் தெரிந்தது. ஐரோப்பாவில் நோயாளிகளில் சோதித்தபோது எதிர்பார்த்த பிரதான இலக்கை அது எட்டவில்லை. அதையும் அவர்களே அறிவித்தார்கள். மனிதனை அரைத்து இரகசியமாக மருந்து செய்கிறவர்கள் தங்கள் தோல்வியை ஊருக்கு அறிவிப்பார்களா?

எங்கள் தோளில் ஏறிய ஊசியும் இந்தக் குப்பியும்

"ஆராய்ச்சிக்கு மட்டும் என்றால் எங்களுக்கென்ன?" என்று கேட்கலாம். நிறைய இருக்கிறது.

2021இல் கொவிஷீல்டும் சினோபாமும் இங்கே வந்தபோது எல்லோருக்கும் ஒரே கேள்வி: இது வேலை செய்யுமா? வேறு நாட்டு ஆட்களில் சோதித்தது எங்கள் ஆட்களிலும் சரிவருமா? ஸ்ரீ ஜயவர்தனபுர பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்கள் இலங்கை மக்களின் இரத்தத்தை எடுத்துச் சோதித்தார்கள். அந்தச் சோதனைகளில் ஒன்று ஏஸ்-2வை வைத்துச் செய்வது.

செய்கிற விதம் இப்படி. சிறு சிறு குழிகள் உள்ள ஒரு பிளாஸ்ரிக் தட்டின் அடியில் மீளச்சேர்த்த மனித ஏஸ்-2வைப் பூசி வைத்திருப்பார்கள். தடுப்பூசி போட்டவரின் இரத்தத் தெளியத்தை வைரசின் முள்ளுத் துண்டோடு கலந்து அந்தக் குழியில் விடுவார்கள். அவரது இரத்தத்தில் நல்ல பிறபொருளெதிரி இருந்தால் அது முள்ளை முன்கூட்டியே மூடிவிடும். முள்ளு ஏஸ்-2வில் ஒட்டாது. நிறம் வராது. பிறபொருளெதிரி இல்லாவிட்டால் ஒட்டும். நிறம் வரும். உயிருள்ள வைரசைக் கையாளாமல், விசேட பாதுகாப்புக் கூடம் இல்லாமல், ஒருசில மணித்தியாலங்களில் பதில். சினோபாம் போட்டவர்களிலும் பெரும்பாலானோரின் இரத்தம் முள்ளைத் தடுத்தது, வயது கூடியவர்களில் பதில் சற்றுக் குறைவு என்பதெல்லாம் இப்படித் தெரிய வந்ததுதான்.

வாப்பாமாரையும் உம்மாமாரையும் வரிசையில் நிறுத்தி ஊசி போட்டோமே, அது வெறும் தண்ணீர் அல்ல என்பதை எங்களுக்கு உறுதிப்படுத்தியது சிவப்பு வட்டத்துக்குள் இருக்கும் இதே புரதம்.

ஜனாஸாக்கள் எரிக்கப்பட்ட அந்தப் பதினொரு மாதங்கள்

இதை எழுதத் தொடங்கும்போது இந்த இடத்துக்கு வருவோம் என்று தெரியும். கைகள் கனக்கின்றன. ஆனாலும் எழுத வேண்டும், ஏனென்றால் இந்த நொதியத்தோடு எங்களுக்குள்ள உறவு இங்கேதான் மிக ஆழமாக இருக்கிறது.

2020 மார்ச் 24இல் உலக சுகாதார நிறுவனம், கொவிட்டால் இறந்தவர்களை அடக்கலாம், எரிக்கவும் செய்யலாம் என்று வழிகாட்டியது. அந்த மாத முடிவிலேயே இங்கே முதலாவது முஸ்லிமின் உடல் எரிக்கப்பட்டது. ஏப்ரல் 11 வர்த்தமானியோடு எரிப்பது கட்டாயமானது. அடக்கினால் நிலத்தடி நீரில் வைரஸ் கலந்துவிடும் என்பது சொல்லப்பட்ட காரணம். டிசம்பரில் பிறந்து இருபதே நாளான ஒரு பச்சைக் குழந்தையும் எரிக்கப்பட்டது. மயானத்தின் வேலியில் வெள்ளைத் துணி கட்டிவிட்டு அழுத நாட்கள் அவை.

ஏஸ்-2வைப் பற்றித் தெரிந்த ஒருவர் அந்தக் காரணத்தைக் கேட்டால் என்ன சொல்வார்? வைரசால் தானாகப் பெருக முடியாது. உயிருள்ள ஒரு கலம் வேண்டும். அந்தக் கலத்தின் சுவரில் ஏஸ்-2 வேண்டும். உயிர் பிரிந்த உடம்பில் கலங்கள் இறந்துவிடுகின்றன. வைரசின் மிச்சம் சில காலம் உடம்பில் இருக்கலாம், அதனால்தான் மையித்தைக் கையாளும்போது பாதுகாப்பு அங்கி தேவை. ஆனால் ஆறடி மண்ணுக்குள்ளே அது பெருகி, கிணற்றுக்கு வந்து, ஊரைப் பிடிப்பதற்கு வழியில்லை.

இதைச் சொன்னவர்கள் இந்த நாட்டில் இருந்தார்கள். இலங்கைச் சமுதாய மருத்துவர்கள் கல்லூரி 2020இன் கடைசி நாட்களில் சொன்னது. இலங்கை மருத்துவ சங்கம் 2021இன் முதல் நாட்களில் சொன்னது. கொவிட் மரணங்களை அடக்கலாம் என்று அவை பகிரங்கமாக அறிக்கை விட்டன. அங்கே பேசியவர்களில் பெரும்பாலானோர் முஸ்லிம்கள் அல்லர். அவர்கள் எங்களுக்காக மார்க்கம் பேசவில்லை. தாங்கள் படித்ததைப் பேசினார்கள். 2021 பெப்ரவரி இறுதியில் வர்த்தமானி மாறியது. மார்ச் 5இல் ஓட்டமாவடி மண்ணில் முதலாவது ஜனாஸா அடக்கப்பட்டது. 2024 ஜூலையில் கட்டாய எரிப்புக்காக அமைச்சரவை மன்னிப்புக் கோரியது. எரிந்தவை எரிந்தவைதான்.

அந்தப் பதினொரு மாதங்களில் எங்களுக்கு நடந்தது என்ன என்பதை ஒரு வரியில் சொல்வதென்றால், ஒரு பொருள் எப்படி வேலை செய்கிறது என்று பார்க்காமல், பயத்தையும் வெறுப்பையும் வைத்து அதன் மீது தீர்ப்பு எழுதினார்கள். அந்தத் தீர்ப்பின் நெருப்பு எங்கள் வீட்டு மையித்தில் விழுந்தது.

அதை அனுபவித்த சமூகம் நாங்கள். அப்படியிருக்க, எங்கள் குழுமத்திலேயே, என்னவென்று பார்க்காமல் ஒரு குப்பியைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டு, "விழித்துக்கொள்ளுங்கள்" என்று எழுதலாமா? அன்று எங்களுக்காகச் சாட்சி சொன்ன அறிவின் மீதே இன்று கல்லெறியலாமா? அளவில் இரண்டும் ஒன்றல்ல என்று எங்களுக்குத் தெரியும். அங்கே அதிகாரம் இருந்தது, இங்கே ஒரு கைத்தொலைபேசி மட்டும். ஆனால் ஒரு தாய் இன்சுலினை நிறுத்துவதற்கு அந்தக் கைத்தொலைபேசியே போதுமாயிருந்தது.

ஊரிடம் சில வேண்டுகோள்கள்

குழும நிர்வாகிகளிடம்: மருந்து, ஊசி, ஹலால்–ஹராம் பற்றி ஒரு படம் வந்தால் ஒருநாள் தாமதியுங்கள். லேபிளை முழுவதும் வாசியுங்கள். ஊரில் இப்போது வைத்தியர்கள் இருக்கிறார்கள், மருந்தாளர்கள் இருக்கிறார்கள், ஆய்வுகூடத் தொழினுட்பவியலாளர்கள் இருக்கிறார்கள். ஒரு கோல் எடுத்துக் கேளுங்கள். வந்த செய்தியைத் தீர விசாரிப்பது எங்கள் மார்க்கத்தில் புதிதாகக் கற்பிக்க வேண்டிய விடயமல்ல.

மரியாதைக்குரிய மௌலவிமாரிடம்: மிம்பரில் ஒரு சொல் சொன்னால் ஊர் கேட்கும். புரதங்களும் கலங்களும் பற்றிய கேள்வி வந்தால் எங்களையும் கூப்பிடுங்கள். விபரத்தை நாங்கள் வைக்கிறோம், ஹுக்மை நீங்கள் சொல்லுங்கள். ஹெக் 293 பற்றியும் திறந்து பேசுவோம். பிள்ளைகள் அதை எங்களிடமிருந்து கேள்விப்படுவது நல்லது. எங்கோ ஒரு வீடியோவில் பாதியாகக் கேட்டால் பிறகு எங்கள் இரண்டு தரப்பையுமே நம்ப மாட்டார்கள்.

பெற்றோரிடம்: உயிரியல் படித்தால் டொக்டர்தான் என்ற எண்ணத்தைக் கொஞ்சம் தளர்த்துங்கள். மேலே சொன்ன இரத்தச் சோதனையைச் செய்தவர்கள் நோயாளிக்கு மருந்து எழுதிக் கொடுத்த வேலையைச் செய்யவில்லை. தட்டின் குழிகளில் துளித்துளியாகத் திரவம் விட்டார்கள், எண்களைக் குறித்தார்கள். நாளைக்கு இன்னொரு நோய் வந்து, இன்னொரு வர்த்தமானி எழுதப்படும் மேசையில், "அப்படியல்ல சேர், இது இப்படித்தான் வேலை செய்கிறது" என்று ஆதாரத்தோடு சொல்ல எங்கள் பிள்ளைகளிலும் நாலு பேர் இருக்க வேண்டாமா? ஆண்பிள்ளை, பெண்பிள்ளை இருவரையும்தான் சொல்கிறோம்.

சீனி வருத்தத்துக்கும் பிரஷருக்கும் மருந்து எடுக்கிற பெரியவர்களிடம்: சந்தேகம் வந்தால் கிளினிக்கில் கேளுங்கள். கேட்டு விளங்கும்வரை மருந்தை நிறுத்தாதீர்கள். ஆங்கிலம் வாசிக்கத் தெரிந்த பேரப்பிள்ளைகள் வீட்டில் இருந்தால், பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாளை முழுவதும் வாசித்துத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். பிள்ளைகளே, ஒரு சொல்லோடு நிறுத்தாதீர்கள். அடுத்த சொல்லையும் வாசியுங்கள்.

கேள்விகள் இருந்தால் கீழே எழுதுங்கள். தெரிந்ததற்கு நாங்களே பதில் எழுதுகிறோம். மற்றவற்றை வைத்தியர்களிடம் கேட்டு இங்கேயே பதிகிறோம்.

அல்லாஹ் எங்களுக்குப் பயனுள்ள அறிவைத் தருவானாக. அந்த நாட்களில் அடக்கம் மறுக்கப்பட்டு மரணித்த எல்லோருக்கும் அவன் தன் றஹ்மத்தைச் சொரிவானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.